சனிக்கிழமை வரை நிரம்பிய அட்டை

பெரியக்காவுக்கு எதையும் மிச்சம் பிடிக்காமல் இருக்கத் தெரியாது. சோப்பு தேய்ந்து தகடாகிப் போனாலும் தூக்கி எறிய மாட்டாள். புதுச் சோப்பின் முதுகில் அதை ஒட்டிவைத்து இன்னும் நாலு நாள் ஓட்டுவாள். பட்டறையில் பசை வாளியின் அடியில் காய்ந்து கிடப்பதை வெந்நீர் விட்டு இளக்கி, மற்றவர்கள் கைகழுவப் போன பிறகும் பத்துப் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். "என் கைக்கு வந்தது எதுவும் வீணாப் போகாது" என்று அவள் சொன்னால் அது ஜம்பம் இல்லை, நிஜம். எல்லாரும் மெச்சுகிற குணம். அந்தக் குணம்தான் கடைசியில் அவளை ஆஸ்பத்திரி மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

பட்டறை என்றால் செருப்புப் பெட்டி மடிக்கிற பட்டறை. தகரக் கூரை, ஒரு நீள மேசை, இரண்டு பக்கமும் ஆறு ஆறு பெண்கள். கெட்டித்தாளை மடி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதில் பசை தடவு, அழுத்து, அடுக்கு. நூறு பெட்டி ஒரு கட்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கட்டு வரவேண்டும். எட்டுக்கு மேல் மடித்ததை யாரும் அன்றைக்கே மேஸ்திரியிடம் கொடுத்துவிட மாட்டார்கள். மேசைக்கு அடியில் காலால் தள்ளி வைப்பார்கள். அதற்குப் பெயர் கையிருப்பு. தலையை வலிக்கிற நாளில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் ஓடுகிற நாளில், கையிருப்பிலிருந்து எடுத்து எட்டைக் காட்டிவிடலாம். மேஸ்திரிக்கும் தெரியும். நாள் தவறாமல் எட்டு வருகிறதா, அவருக்கு அது போதும்.

பெரியக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து மடிப்பவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி. தட்டில் போட்டதை நாலு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள் என்பதால் வந்த முதல் வாரமே பெரியக்கா அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்துவிட்டாள். தம்பி லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் சாலையிலேயே கழிந்துவிடும். தன் புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்த பெரியக்காவும் குருவியும்தான் ஒரே கூரையில், ஒரே மேசையில், ஒரே தட்டில் இல்லாத குறையாகக் கிடந்தார்கள். நாத்தனார் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ போட்ட சட்டம் அந்த வீட்டில் செல்லவில்லை.

குருவிக்கு இது இரண்டாவது. முதல் குழந்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. மூன்று நாளாக அசையவில்லை. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது, துடிப்பு நின்று இரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் குருவி சிரிக்கவே இல்லை. பெரியக்காதான் குளிப்பாட்டி, தலை துவட்டி, வாயில் ஊட்டி, அவளைத் திரும்ப மனுஷியாக்கினாள். இதைச் சொல்லிவைப்பது நல்லது. பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, ஈவு இரக்கம் இல்லாதவள் என்று யாராவது பெரியக்காவைப் பேசினால் அது அபாண்டம்.

இந்தத் தடவை ஏழாம் மாதம் பிறந்ததுமே ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளுக்கும் பத்துக் கட்டம். கொடுத்தவள் தடித்த கண்ணாடி போட்ட நர்சம்மா. அவளுக்கு முன்னால் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"தினமும் சாப்பிட்டதும் இடது பக்கமாச் சாஞ்சு படு. புள்ளை ஒவ்வொரு தடவை அசையும்போதும் ஒரு கட்டத்துல கோடு போடு. பத்து வரணும். ரெண்டு மணி நேரத்துல பத்து வரலைன்னா எதையும் யோசிக்காதே, நேரா இங்க வந்துடு. அடுத்த ஆளு."

பெரியக்கா ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை. வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டு அப்படியே ஒப்பித்தாள். ஆனால் இருபது வருஷமாகத் தினம் காலையில் "எட்டு வரணும்" என்று கேட்டுப் பழகிய காதில் "பத்து வரணும்" எப்படி விழுமோ அப்படித்தான் விழுந்தது.

சாய்ந்து படுக்க நேரம் ஏது? காலை எட்டு மணிக்கு மேசையில் இருக்க வேண்டும். மேஸ்திரி பெரிய மனசு பண்ணி, குருவியை மேசையின் ஓரத்தில் தாள் கட்டில் முதுகைச் சாய்த்து உட்கார அனுமதித்தார். இருந்தும் எண்ணுகிற வேலை குருவியால் முடியவில்லை.

"நீங்க எண்ணுங்க அண்ணி" என்றாள். "ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். நான் உம் சொல்றேன், நீங்க கோடு போட்டுக்குங்க. பத்து ஆனதும் சொல்லிடுங்க, போதும்."

அப்படித்தான் ஏற்பாடு ஆனது. குருவி மடித்துக்கொண்டே "உம்" என்பாள். பெரியக்கா மேசை விளிம்பில் செருகிவைத்த அட்டையில் ஒரு கோடு இழுப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஊசி, பார்க்க ஒல்லி, பேச்சு குத்தல், அதனால் ஊசி, "என்னடி, உள்ள இருக்கிறவன் நம்ம மேஸ்திரியை விட வேகமா ஓட்டுறான்" என்பாள். மேசை முழுக்கச் சிரிக்கும். குருவியும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கிறதுக்காகவே பெரியக்கா கோடு போட்டாள் என்றும் சொல்லலாம்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை குழந்தை நிறுத்தாமல் புரண்டது. பத்துக் கட்டமும் அரை மணிக்குள் நிரம்பிவிட்டது. குருவி விடாமல் "உம், உம்" என்றுகொண்டே இருந்தாள். பெரியக்காவின் பென்சில் அந்தரத்தில் நின்றது. கண்ணெதிரே வருவதை எழுதாமல் விடுவதா? நாளைக்கு உரிய கட்டங்கள் வெறுமனேதானே கிடக்கின்றன? கை தானாகச் சனிக்கிழமைக்கு நகர்ந்தது. பதிமூன்று. சனிக்கிழமைக்குப் பத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று.

அவளுக்கு அதில் ஒரு நிம்மதி கூட வந்தது. இனி ஒரு நாள் குறைந்தாலும் அந்தப் பெண் பயந்து சாக வேண்டியதில்லை. கையிருப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு நிறையப் புரண்ட நாளிலெல்லாம் இதே கதைதான்.

வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்சம்மா அட்டையில் காலிக் கட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். எந்தக் கிழமையில் நிற்கிறது என்று பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. "நல்லாப் போகுது" என்று திருப்பிக் கொடுத்தாள். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது குருவியின் "உம்" கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குழந்தை வளர்ந்துவிட்டது, உள்ளே புரள இடம் போதவில்லை, அதனால்தான் என்று பெரியக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அட்டை நிரம்பியே இருந்தது. நிரம்பிய அட்டையைப் பார்த்துப் பார்த்து அவள் காது கேட்பதை விட்டுவிட்டது.

அன்றைக்குப் புதன்கிழமை. பத்து மணி டீயைக் குடித்துவிட்டு எல்லாரும் மறுபடி மேசைக்கு வந்திருந்தார்கள்.

"அண்ணி, பத்து ஆச்சா?" என்று குருவி கேட்டாள்.

"ஆச்சு ஆச்சு. நீ மடி."

"நான் உம் சொன்ன ஞாபகமே இல்லையே."

"நீ தூக்கத்துலயே உம் கொட்டுற ஆளு. உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

குருவி சமாதானமாகி, பசைக் கையைக் கழுவப் பின்கட்டுக் குழாய்க்குப் போனாள். ஊசி விசிறிக்கொள்வதற்காக மேசை விளிம்பிலிருந்த அட்டையை உருவினாள். நாலு தடவை விசிறினாள். பிறகு நிறுத்தி, அட்டையை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஏ பெரியக்கா, இன்னைக்குப் புதன்தானே?"

"ஆமா."

"இதுல சனிக்கிழமை வரைக்கும் கோடு இருக்கே."

"அது கையிருப்பு" என்றாள் பெரியக்கா, பெட்டியின் காதை அழுத்தியபடி.

ஊசி அட்டையைக் கீழே வைத்தாள். மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "நேத்து எத்தனை?" என்று கேட்டாள்.

"நேத்துதான் கட்டம் ரொம்பியிருந்துச்சே."

"கட்டத்தைக் கேக்கலை. நேத்து புள்ளை எத்தனை தடவை அசைஞ்சுது?"

பெரியக்கா நேற்றைத் தேடிப் பார்த்தாள்.

நேற்று. நேற்றுக் காலையில் புதுத் தாள் வந்து இறங்கியது, எல்லாரும் எழுந்து அடுக்கினார்கள். டீ குடித்தார்கள். குருவி என்ன சொன்னாள்? ஒரு உம் கேட்ட மாதிரி இருந்தது. அது குழந்தை அசைந்ததற்கா, ஊசி சொன்ன கதைக்கா? முந்தாநாள்? முந்தாநாள் காலையில் மூன்றோ நாலோ இருக்கும். நாலா? அட்டை நிரம்பியிருந்ததால் பென்சிலையே அவள் எடுக்கவில்லை. பென்சில் வீட்டில் அலமாரி மேல் கிடக்கிறது. இரண்டு நாளாக அங்கேயேதான் கிடக்கிறது. உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்ததில் அடுக்கியிருந்த இரண்டு கட்டும் சரிந்தன. யாரும் பொறுக்கவில்லை.

"வயித்துல இருக்கிற புள்ளை என்ன பெட்டியா?" என்றாள் ஊசி. குத்தலாகச் சொல்லவில்லை. அழுகிற குரலில் சொன்னாள்.

மேஸ்திரியின் சரக்கு வண்டி வாசலில் நின்றது. பெரியக்கா அவரிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் சாவியை எடுத்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே வந்த குருவியிடம் மட்டும், "சும்மா ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம் வாம்மா" என்றாள். உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை.

வண்டியின் பின்பக்கம் மடித்த தாள்கள் மேல் குருவியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். ஊசி ஓடிவந்து சர்க்கரை கலந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் கொடுத்தாள். இனிப்பு போனால் குழந்தை அசையும் என்று யாரோ சொன்னது பெரியக்காவுக்கும் ஞாபகம் வந்தது. முழுதும் குடிக்க வைத்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கைக்கடியில் ஏதோ நகர்ந்தது. வண்டி குலுங்கியதா, குழந்தை புரண்டதா? மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி பள்ளம் வந்தபோது மறுபடி நகர்ந்தது. வண்டிதான்.

"பத்து ஆச்சுன்னு சொன்னீங்களே அண்ணி" என்றாள் குருவி. "அப்புறம் ஏன் உங்க கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

"காலையிலேர்ந்து பசையில கிடந்த கை. அதான்."

ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். அதற்கு மட்டும் அவளிடம் கையிருப்பு குறையவே இல்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகச் சாலையைக் கடந்தன, ஒன்றின் பின்னால் ஒன்றாக, கதை பேசிக்கொண்டு, அவசரமே இல்லாமல். பெரியக்கா இதுவரை யாரையும் சபித்ததில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை மனசுக்குள் சபித்தாள், உடனே பயந்துபோய், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் முதல் மேசையில் அதே தடித்த கண்ணாடி நர்சம்மா. பெரியக்கா வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். "புள்ளை அசைவு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. பின்னால் குருவி நின்றுகொண்டிருந்தாள்.

நர்சம்மா கையை நீட்டினாள். பெரியக்கா அட்டையைக் கொடுத்தாள். நர்சம்மா விரலை வைத்துப் புதன்கிழமையைத் தேடினாள்.

"இன்னைக்குப் பத்து இருக்கு. நேத்தும் பத்து. இதுல பயப்பட ஒண்ணும் இல்லை. அந்த பெஞ்சுல உக்காருங்க. உள்ள மூணு பிரசவம் போயிட்டிருக்கு. டாக்டர் வெளிய வர ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

குருவி நீளமாக மூச்சு விட்டாள். "பாத்தீங்களா அண்ணி, நர்சம்மாவே சொல்லிட்டாங்க. நீங்க வேற என்னைப் பயமுறுத்துறீங்க." முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. போய் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் போட்டு, பெரியக்காவைப் பார்த்துக் கையால் தட்டிக் காட்டினாள்.

பெரியக்கா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். போய் உட்கார்ந்துவிடலாம். குழந்தை நன்றாக இருந்தால் இது யாருக்கும் தெரியப் போவதில்லை. நன்றாக இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. அட்டையில் பத்து இருக்கிறது. நாங்கள் எண்ணினோம், பத்து வந்தது, தலைவிதி, என்று அழுதுவிடலாம். குருவி அவள் மடியிலேயே விழுந்து அழுவாள். அட்டை பெரியக்காவைக் காப்பாற்றிவிடும். ஒரு நிமிஷம், முழுதாக ஒரு நிமிஷம், அவள் அதை யோசித்தபடி நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னைத் திட்டிக்கொண்ட அளவுக்குக் கோடுகளுக்காகக்கூடத் திட்டிக்கொண்டதில்லை.

"நர்சம்மா, அந்த அட்டையை நம்பாதீங்க" என்றாள்.

"என்னது?"

"அதுல இருக்கிறது இன்னைக்கு வந்தது இல்லை. நேத்து வந்ததும் இல்லை. நிறைய அசைஞ்ச நாள்ல வந்ததை முன்னாடியே எழுதி வெச்சுட்டேன். நான்தான் எழுதுனேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது."

"அப்போ இன்னைக்கு எத்தனை?"

"எண்ணலை."

"நேத்து?"

"எண்ணலை."

"முந்தாநாள்?"

"மூணு. நாலு இருக்கலாம். தெரியலை நர்சம்மா."

நர்சம்மா கண்ணாடியைக் கழற்றினாள். திட்டுவாள் என்று பெரியக்கா காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவளோ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, உள்ளே பார்த்து, "ஸ்ட்ரெச்சர் கொண்டா" என்று கத்தினாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியக்கா யாரையும் பார்க்காமல் பெஞ்சை மட்டும் பார்த்தாள். எல்லாம் அங்கே கேட்டிருந்தது. குருவி இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே ஒரு குறுகலான அறை. வயிற்றில் பசை மாதிரி எதையோ தடவி, கையடக்கமான கருவி ஒன்றை வைத்து நர்சம்மா தேடினாள். கருவியிலிருந்து மழை பெய்கிற மாதிரி வெறும் இரைச்சல் வந்தது. இடது பக்கம் வைத்தாள். வலது பக்கம் வைத்தாள். கீழே இறக்கினாள். இரைச்சல்தான். குருவி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. பெரியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கடவுளே, என்னை எடுத்துக்கோ" என்று வேண்ட நினைத்தாள். தன்னை எடுத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று தோன்றியதும் அந்த வேண்டுதலும் பாதியில் நின்றுவிட்டது.

பிறகு எங்கேயோ அடியாழத்தில் ஒன்று கேட்டது. தட்டு. இடைவெளி. தட்டு.

"இருக்கு" என்றாள் நர்சம்மா. சிரிக்கவில்லை.

குட்டையான டாக்டர் ஒருத்தி உள்ளே வந்து, வயிற்றில் பட்டை கட்டி மெஷினில் மாட்டினாள். மெஷின் தாளைக் கக்கியது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"துடிப்பு ரொம்பச் சோர்ந்து போயிருக்கு. உள்ள காத்துக் குறைஞ்சா புள்ளை முதல்ல அசைவைத்தான் குறைச்சுக்கும். இருக்கிற தெம்பை இதயத்துக்கு வெச்சுக்கும். அதுக்காகத்தான் தினமும் எண்ணச் சொல்றோம். இடம் பத்தாம அசையலைன்னு சொல்றதெல்லாம் கதை. இப்பவே எடுத்தாகணும். குறை மாசம்தான், எடுத்தாலும் பொழைக்கும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. கையெழுத்து யார் போடுறது?"

"நானே போடுறேன்" என்றாள் குருவி.

படுத்தபடியே போட்டாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனபோது பெரியக்கா கூடவே ஓடினாள். அறுவை அறையின் கதவு வரை குருவி அவள் பக்கம் திரும்பவில்லை. கதவு திறந்தபோது திரும்பினாள்.

"தினமும் கேட்டேனே அண்ணி" என்றாள். "தினமும் உங்ககிட்டக் கேட்டேனே."

கதவு மூடிக்கொண்டது.

தம்பிக்குப் போன் போட்டாள். எங்கேயோ நெடுஞ்சாலையில் இரைச்சலுக்கு நடுவே அவன் பேசினான். ஆபரேஷன் என்று மட்டும் சொன்னாள். "அக்கா, நீ கூட இருக்கேல்ல" என்றான். "நீ இருந்தா எனக்குப் பயம் இல்லை. நான் திரும்பிட்டேன், காலையில வந்துடுவேன்." பெரியக்கா போனைக் காதில் வைத்தபடியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லிவிட வேண்டும். ஆனால் அவன் கையில் வண்டி இருக்கிறது. வந்த பிறகு நேரில் சொல்லுவது என்று முடிவு செய்தாள். சொன்னால் வீட்டை விட்டுப் போகச் சொல்வானோ என்னவோ. சொல்லட்டும். குழந்தை இருந்தால் போதும், தெருவில் கிடந்தாலும் கிடக்கலாம்.

முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே அழுகை கேட்கவில்லை. கேட்கும் கேட்கும் என்று காதைக் கதவிலேயே வைத்திருந்தாள். வேறு ஏதோ அறையில் ஒரு குழந்தை வீறிட்டது. நம்முடையது என்று எழுந்தாள். இல்லை. மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் துணிச்சுருள் ஒன்றை ஏந்தி ஓடினாள். ஓடுகிறார்கள் என்றால் உயிர் இருக்கிறது. இல்லாததைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட மாட்டார்கள். அந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு பெரியக்கா மத்தியானம் முழுவதும் ஓட்டினாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் வந்து சொன்னாள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. பிறந்ததும் அழவில்லை, காற்று கொடுத்துத்தான் மூச்சு வந்தது. இப்போது தானாக மூச்சு விடுகிறது. "இன்னும் ஒரு வேளை போயிருந்தா நான் உங்ககிட்ட வேற பேச்சு பேசியிருப்பேன்" என்றாள். பிறகு, "தாண்டிடுச்சுன்னு நினைக்காதீங்க. குறை மாசக் குழந்தை, மூச்சை விட மறந்துடும். நடு நடுவுல நிறுத்திக்கும். ரெண்டு மூணு நாள் தாண்டணும்" என்றும் சொன்னாள்.

மூச்சைக் கவனிக்கும் மெஷின் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டுதான் இருந்தது. இரண்டும் இதைவிட மோசமான இரண்டு குழந்தைகளுக்குப் போயிருந்தது. ஒரு நர்ஸுக்கு ஒன்பது குழந்தை. அதனால் வீட்டு ஆள் ஒருவர் கை கால் கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு, தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் உள்ளங்காலில் சுண்டிவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

கண்ணாடி நர்சம்மா குருவியின் கட்டிலுக்கு வந்தாள். மயக்கம் தெளிந்து, உதடு காய்ந்து, குருவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெரியக்கா கால்மாட்டில் நின்றாள். கிட்டே போக அவளுக்குத் துணிவு வரவில்லை.

"குழந்தைகிட்ட யார் உக்கார்றது?" என்று நர்சம்மா கேட்டாள். கேட்டுவிட்டுப் பெரியக்காவைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். "உங்க அம்மா யாராவது வருவாங்களா?"

"அம்மா இல்லை" என்றாள் குருவி.

"அப்போ வேற யாராவது?"

தன்னைச் சொல்ல மாட்டாள் என்றுதான் பெரியக்கா நினைத்தாள். ஊசியைக் கூப்பிடலாம், அவளுக்கு மூன்று பிள்ளைகள், சமர்த்து. அதைச் சொல்ல அவள் வாயெடுத்தபோது குருவி பேசினாள். சுவரைப் பார்த்தே பேசினாள்.

"அவங்களை உக்காரச் சொல்லுங்க. எனக்கு அவங்க முகத்தைப் பாக்க வேண்டாம். ஆனா இனிமே அவங்க கண்ணை எடுக்க மாட்டாங்க."

குழந்தைகள் அறை அடுத்ததுதான். நடுவில் பாதிச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை. அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். பெரியக்கா முழங்கை வரை மூன்று தடவை கழுவினாள். நகத்தடியில் இருந்த பசை போகவில்லை. நர்ஸ் கொடுத்த பிரஷால் ரத்தம் வரத் தேய்த்தாள். மேலங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு முழம்கூட இல்லை குழந்தை. தோல் மெல்லிசாக, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய, நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. பெரியக்காவின் தலைக்குள் பழைய பழக்கம் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தது. அதை அதட்டி நிறுத்தினாள். வந்து போன மூச்சு போனதுதான். அடுத்தது வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. அதற்கு அடுத்ததைப் பார்த்தாள்.

யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். ஆறிப் போனது. கண் எரிந்தது. சிமிட்டுகிற நேரத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று சிமிட்டக்கூட யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் மங்கி, அறையில் விளக்கைப் போட்டார்கள்.

இறங்கிய நெஞ்சு ஏறவில்லை.

காத்திருந்தாள். ஏறவில்லை. உதட்டோரம் நீலம் பாய்ந்தது. பெரியக்கா கையை நீட்டினாள். என் கை தொட்டால் போய்விடும், வேறு யாராவது தொடட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. வேறு யாரும் இல்லை. "நர்சம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே விரலால் அந்த உள்ளங்காலில் சுண்டினாள். ஒன்றும் இல்லை. இன்னும் பலமாகச் சுண்டினாள். குழந்தை உடம்பு முழுவதும் உதறி, முகத்தைச் சுருக்கி, ஈனமாக ஒரு குரல் கொடுத்தது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. நெஞ்சு ஏறியது. நர்ஸ் ஓடிவந்து பார்த்தாள், காலைப் பிடித்துப் பார்த்தாள், தலையசைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்கு ஓடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குருவியின் குரல் வந்தது.

"என்ன ஆச்சு?"

பெரியக்கா குழந்தையின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூச்சு நின்னுச்சும்மா. உதடு நீலமாச்சு. ரெண்டு தடவை சுண்டுனேன், ரெண்டாவது தடவைதான் வந்துச்சு. இப்போ விடுது. அடுத்ததும் விடுமான்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. தையல் வலியோடு இந்தப் பக்கம் புரண்டு படுத்திருக்க வேண்டும்.

"சொல்லிட்டே இருங்க" என்றாள் குருவி.

"விடுது" என்றாள் பெரியக்கா. "இப்போ விடுது."